விருந்தும் மருந்தும் பத்து மாசம்

ஜப்பானில் நான் தங்கிய வீட்டில், போய் இறங்கிய அன்று ராத்திரியே ஒரு தொட்டித் தண்ணீரை வெட்டியாகத் திறந்துவிட்டேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பிறந்த பெண் செய்கிற காரியமா அது?

அங்கே குளியலறையில் ஒரு தொட்டி இருக்கும். உட்கார்ந்தால் கழுத்து வரை வரும், நிறைய சுடுதண்ணீர். வெளியே ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, அழுக்குப் போக ஊற்றிக் குளித்துவிட்டு, அப்புறம்தான் தொட்டியில் இறங்க வேண்டும். இறங்குவது ஊறுவதற்கு மட்டும். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அதே தண்ணீர்தான். ஒருவர் ஏறியதும் சூடு போகாமல் மூடி போட்டு வைப்பார்கள். இதையெல்லாம் கிளம்புவதற்கு முன் நடந்த பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், நானும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனாலும் ஊறி எழுந்ததும் கூசிவிட்டது. நான் இறங்கிய தண்ணீரில் இன்னொருவர் இறங்குவதா? எச்சில் தட்டில் சோறு போட்ட மாதிரி இருந்தது. அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன்.

வெளியே வந்தேன். ஒகாசான் உள்ளே போனார். ஒகாசான் என்றால் அம்மா. அந்த வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொட்டி மறுபடி நிரம்பும் சத்தம் கேட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பையன், பத்து வயசு வாண்டு, நவம்பரில்தான் போட்டு உடைத்தான்: "அன்னைக்கு ஒதோசான் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் குளிச்சார்." ஒதோசான் அவனுடைய அப்பா.

அது 2012 ஆகஸ்ட் கடைசி. எனக்குப் பதினாறு வயசு. பத்தாவது முடித்து மன்னார்குடியில் பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு, ஏ.எஃப்.எஸ். மூலமாக மாணவர் பரிமாற்றத்தில் கிளம்பினேன். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகத் தொடங்கியது அது. இரண்டாம் போர் முடிந்ததும், 1947-ல், பள்ளிப் பிள்ளைகளை நாடு மாற்றி வீடுகளில் தங்கவைக்கும் வேலையை ஆரம்பித்தார்கள். இதில் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. "காசு வாங்காம எவன் பத்து மாசம் சோறு போடுவான்? ஏதோ இருக்கு" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியத்தைக்கு வேறு கவலை: படிப்பில் ஒரு வருஷம் போயிடுமே, அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் வயசு கேட்பார்களே.

எனக்காகப் பேசிய ஒரே ஆள் தாத்தா. மேட்டூர் அணை கட்டி முடித்த 1934-ல் பிறந்தவர். அவருக்கு ஜப்பான் என்றால் நடவு. 1950-களில் நம் நாடு முழுக்க 'ஜப்பான் நடவு' என்று ஒரு பிரசாரம் நடந்தது. குத்துமதிப்பாக நடாமல், கயிறு பிடித்து வரிசையில் இடைவெளி விட்டு நட வேண்டும், வரிசைக்கு நடுவே களைக் கருவி உருட்ட வேண்டும். அப்போது தாத்தாவுக்கு மீசை அரும்புகிற வயசு. எங்கள் வயலில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவர் அவர்தான். நடவாட்கள் திட்டித் தீர்த்தார்களாம், இப்படி நட்டால் எப்போது கரையேறுவது என்று. அதற்கப்புறம் 1960-களில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பான் ரகத்தை நம் ஜி.இ.பி. 24-உடன் ஒட்டுச் சேர்த்து எடுத்த நெல். "நம்ம வயித்துல பாதி ஜப்பான் சோறுடா" என்பார். எனக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "அவனுங்க கயித்த எப்படிப் பிடிக்கிறானுங்கன்னு நேர்ல பாத்துட்டு வா."

நான் கிளம்பிய அன்று எங்கள் ஆற்றில் மணல்தான் இருந்தது. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அந்த வருஷம் செப்டம்பர் 17-ல்தான் திறந்தது.

போன இடம் நீகாதா மாவட்டத்தில் உவோநுமா பக்கம், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஜப்பானில் பேர்போன கோஷிஹிகாரி அரிசி விளைகிற மண். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் கதிர் முற்றி மஞ்சளாகிக் கிடந்த வயல். திருவாரூர் பாசஞ்சரில் போகிற மாதிரியே இருந்தது, மலையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டால். அந்த வீட்டில் பாட்டி, அப்பா, அம்மா, பையன். அஞ்சு ஏக்கர் நிலம். ஆனால் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். சனி ஞாயிறில் விவசாயம். அஞ்சு ஏக்கரைச் சனி ஞாயிறில் பார்க்க முடியுமா என்று போனில் அப்பா நம்பவே இல்லை. முடிகிறது. செப்டம்பரில் ஒரே வாரக் கடைசியில் அறுத்து, நெல்லைக் கொட்டகையில் இருக்கும் உலர்த்தியில் கொட்டி, பதினைந்து சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நம்மூரில் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீதக் கணக்குக்காக ரோட்டில் நெல்லைக் கொட்டி, வானத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பா நினைவுக்கு வந்தார்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது காசு போட்டால் அரைக்கிற ரைஸ் மில். டெலிபோன் பூத்தைவிடக் கொஞ்சம் பெரிய அறை, ரோட்டோரம், ஆள் இல்லை. பழுப்பரிசியைக் கொட்டி 100 யென் நாணயத்தைப் போட்டால் பத்து கிலோவைத் தீட்டித் தரும். எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டன். தவிட்டையும் மூட்டை கட்டி எடுத்துக்கொள்ளலாம். மில்லில் மணிக்கணக்காக ஊர்க்கதை பேசுகிற வேலை மட்டும் இல்லை, அது ஒரு நஷ்டம்தான்.

சாப்பாட்டில் இரண்டு தரப்பும் மாறி மாறி மிரண்டோம். காலையில் சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, சோயா சாஸ் விட்டுக் கலக்கிச் சாப்பிடுவார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். பத்தாவது நாள் தாங்காமல், பிரிட்ஜில் இருந்த புளிக்காத தயிரை எடுத்துச் சோற்றில் பிசைந்து உப்புப் போட்டேன். ஒபாசான், அதாவது பாட்டி, எழுந்தே போய்விட்டார். அவர்களுக்குத் தயிர் என்பது பழத்தோடு சாப்பிடுகிற இனிப்புச் சாமான். பாயசத்தில் மீன் குழம்பை ஊற்றிய மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கொடுத்த உமேபோஷியை, உப்பில் ஊறிக் காய்ந்த அந்தப் புளிப்புக் காயை, நான் நார்த்தங்காய் மாதிரி நினைத்து முழுசாக வாயில் போட்டு மென்றதும் அவருக்குச் சமாதானமாகிவிட்டது. கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சம் இருந்தாலும் விடமாட்டார், ஒரு பருக்கையில் ஏழு சாமி இருக்கிறதாம். எங்கள் அப்பாயி கணக்கில் ஒரே ஒரு சாமிதான், ஆனால் அடி நிச்சயம்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் நினைத்தால் ஜப்பானிய மொழி தலைகீழாக இருக்கும். தமிழில் நினைத்தால் வினைச்சொல் நேராகக் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, பாதி வேலை முடிந்தது. வீட்டை விட்டு வெளியே போகும்போது அவர்கள் சொல்வது 'இத்தெகிமாஸு'. அப்படியே பிரித்தால் 'போய் வருகிறேன்'. 'போகிறேன்' என்று சொன்னால் அப்பாயி எப்படிப் பதறுவாரோ, அங்கேயும் அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கு ரொம்பத் தைரியமாக இருந்தது.

சரி, விருந்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மாசம் என்னை ராணி மாதிரி வைத்திருந்தார்கள். முதல் குளியல் எனக்கு. பெரிய மீன் துண்டு எனக்கு. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனால், "பரவாயில்லை, நீ போய் உட்கார்" என்று வாங்கிக்கொள்வார் ஒகாசான். நம்மூரில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் மருந்து எப்படி இருக்கும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். நான் சிரித்தால் சிரித்தார்கள், நான் ஹாலுக்கு வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் உட்கார்ந்து, வெளியே அவர்கள் நால்வரும் களைத்துப்போன சாதாரணக் குரலில் பேசிக்கொள்வதைக் கேட்பேன். பொறாமையாக இருக்கும்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பையிலேயே மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒகாசான் டப்பாவைக் கேட்டார். திறந்தால் சுரைக்காய் அழுகிய நாற்றம். அவர் முகம் மாறிவிட்டது. குரல் உயரவில்லை. ஆனால் நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிற எளிய சொற்களாகப் பொறுக்கி எடுத்துத் திட்டினார்: காலை அஞ்சு மணிக்கு எழுந்து கட்டுகிறேன். வந்ததும் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட வேண்டும். நீயே கழுவ வேண்டும். இனிமேல் தம்பியுடையதையும் நீதான் கழுவுகிறாய். அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் ஸ்கைப்பில் அம்மாவைப் பிடித்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"திட்டினாங்களா? அப்பாடா. இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு."

அந்த வாரம்தான் குளியல் வரிசையும் மாறியது. ஒபாசான் முதலில், அப்புறம் ஒதோசான், அப்புறம் தம்பி, அப்புறம் நான், கடைசியில் ஒகாசான். முதல் நாள் எனக்கு ரோஷமாக இருந்தது, தம்பி ஊறின தண்ணீரா என்று. தொட்டியில் அவனுடைய பிளாஸ்டிக் திமிங்கிலம் மிதந்துகொண்டிருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இறங்கினேன். தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஏறியதும் மறக்காமல் மூடியைப் போட்டேன்.

டிசம்பரில் பனி விழ ஆரம்பித்தது. ஜனவரியில் என் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஒதோசான் விடியற்காலையில் கூரைமேல் ஏறி மண்வெட்டியால் வெட்டித் தள்ளுவார். ரோட்டின் நடுவே வரிசையாகத் துளைகள் இருக்கும். நிலத்தடித் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து அந்தத் துளைகள் வழியாகப் பீச்சிப் பனியைக் கரைப்பார்கள். தண்ணீரில் இருக்கும் இரும்பால் ரோடெல்லாம் துருப்பிடித்த சிவப்பு, நம்மூர் போர்வெல் தண்ணீர் பட்ட சிமெண்டுத் தரை மாதிரி. ரோடு நனைக்க ராப்பகலாக போர்வெல் ஓடுகிறது. அதே வாரம் அப்பா போனில், "சம்பா போச்சும்மா. கதிர் வர்ற நேரத்துல தண்ணி இல்ல. மாட்ட விட்டுட்டேன்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். 2013 பிப்ரவரியில் காவிரி இறுதித் தீர்ப்பு மத்திய அரசிதழில் வந்த செய்தியைக் கோதாத்சுவில் உட்கார்ந்துதான் படித்தேன். கோதாத்சு என்பது அடியில் ஹீட்டரும் மேலே பஞ்சுப் போர்வையும் வைத்த குட்டை மேஜை. குளிர்காலத்தில் குடும்பமே அதற்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். யார் கால் யாருடையது என்று தெரியாது.

ஒபாசானிடம் சொன்னேன், எங்கள் ஊரில் ஆறு வறண்டுவிட்டது என்று. அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே எல்லாம் வெள்ளை. "இது மே மாசத்துத் தண்ணீர்" என்றார். மலையில் கிடக்கிற பனி சித்திரை வெயிலுக்கு உருகி, வாய்க்காலில் இறங்கி, நடவுக்குச் சரியாக வந்து சேருமாம். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஷினானோ ஆற்றுக்கு 367 கிலோமீட்டர்தான் நீளம். ஜப்பானிலேயே நீளமான ஆறு அதுதான். காவிரி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அவர்களுடைய மேட்டூர் கூரைமேல் கிடக்கிறது; யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒகாசான் கேட்பார்: "உங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" நம்மூர் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற அதே கேள்வி.

மே மாசம் நடவு. தட்டுகளில் வளர்த்த நாற்றைப் பாய் மாதிரி சுருட்டி இயந்திரத்தில் ஏற்றி, ஒதோசான் ஆறு வரிசையாக நட்டுக்கொண்டே போனார். தாத்தாவின் கயிறு எங்கும் இல்லை. இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளை மட்டும் கையால் நட வேண்டும். அது ஒபாசானின் வேலை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ நெல் விளைகிற ஊர்ப் பெண்தானே. நடத் தெரியும் அல்லவா?"

தெரியும் என்று தலையாட்டினேன். பொய். பதினாறு வருஷத்தில் நான் ஒரு நாற்றுகூட நட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாருமே வயலில் இறங்கியதில்லை. நடவுக்கு வருகிறவர்கள் தெற்குத் தெருவிலிருந்து வருவார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பேன், அப்பாவுக்குக் காபித் தூக்கு கொண்டுபோவேன், வெயில் ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? சொல் தெரியாதது ஒரு பக்கம். சொந்த நிலத்தில் எழுபத்திரண்டு வயசில் சேற்றில் நிற்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

இறங்கினேன். பனி உருகிய தண்ணீர், கணுக்காலில் கத்தி வைத்த மாதிரி குளிர்ந்தது. கை நிறைய நாற்றை வாரி முழங்கை வரை சேற்றில் திணித்தேன். அடுத்ததைப் பயந்து பயந்து மேலாக வைத்தேன். இரண்டு அடி நகர்வதற்குள் அது மிதந்து வந்து என் காலைத் தொட்டது. ஒபாசான் நிமிர்ந்து பார்த்தார். பொய் பிடிபட்டுவிட்டது. ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்து, கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்த்து மூன்று நான்கு நாற்றை எப்படிப் பிடிப்பது, விரலின் இரண்டாவது கணு வரை எப்படி இறக்குவது என்று காட்டினார். ஆழமாக வைத்தால் தூர் வெடிக்காது, பக்கத்தில் புதுக் கிளை விடாது என்பதை ஐந்து விரலையும் குவித்து, பிறகு விரித்துக் காட்டிப் புரியவைத்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு மூலை முடிந்தது. குப்பைத்தொட்டியின் மூடி அளவு இருக்கும். என் நாற்று கோணல்மாணலாக, மழையில் நனைந்த கோழிகள் மாதிரி நின்றது. தினமும் பள்ளிக்கூடம் போகும்போது சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன்.

ஜூலை முதல் வாரம் கிளம்பினேன். ரயில் நிலையத்தில் 'இத்தெகிமாஸு' என்று சொல்ல வேண்டும் என்று ஒரு மாசமாக யோசித்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் டிக்கெட்டைக் காணோம், பையைக் கொட்டித் தேடி, கதவு மூடப் போகையில் வாயில் வந்தது 'சயோனாரா'. தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் தெரிந்த அந்த ஒரு சொல். ஒகாசான் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா கேட்டது கயிற்றைத்தான். "மெஷின் தாத்தா" என்றேன். "அப்ப எங்கள மட்டும் ஏன்டா கயித்தப் பிடிக்கச் சொன்னானுங்க" என்று அன்று முழுக்க முனகிக்கொண்டிருந்தார். அம்மா என்னை ஒரு வாரம் அடுப்படிக்குள் விடவில்லை. தட்டை எடுத்தால், "வை, வை, இளைச்சுப் போயி வந்திருக்கே" என்று பிடுங்கிக்கொண்டார். அந்த வருஷம் மேட்டூர் ஆகஸ்ட் 2-ல் திறந்தது. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று படம் எடுத்து ஒகாசானுக்கு அனுப்பினேன்.

சம்பா நடவு அன்று ஞாயிற்றுக்கிழமை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டேன். நடவு ஆட்கள் சிரித்தார்கள். நடவுக்குத் தலைமை தாங்கி வருகிறவர் எங்கள் அப்பாயி வயசு. சின்னதிலிருந்து அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். அன்று வாயில் அந்தப் பெயர் வரவில்லை. "ஆயா, ஒரு முடி நாத்து குடுங்க" என்றேன்.

"என்ன பாப்பா, ஜப்பான்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

எதை என்று அவர் சொல்லவில்லை. நாற்றைக் கொடுத்தார். நான் ஒரு வரிசை வைத்து முடிப்பதற்குள் அவர்கள் பன்னிரண்டு பேரும் எட்டு வரிசை தாண்டிப் போயிருந்தார்கள். ஆயா திரும்பி வந்து என் வரிசையைப் பார்த்தார்.

"ஆழமா வைக்காத. தூர் வெடிக்காது. ஏறு, வரப்புல ஏறு. வேல செய்யணும்னா போயி டீ வாங்கிட்டு வா. எனக்குச் சக்கர கம்மி."

அப்பா வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் காலில் சேறு காய்ந்து தோலை இழுக்க ஆரம்பித்தது.